நல்லுசாமி கிடங்கு பல்கேரியாவுக்குப் போன விதம்

திண்டுக்கல் மலையடிவாரக் கலாசார நல்லெண்ணச் சமிதிக்குப் பல்கேரியா நாட்டின் மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை. அப்படி ஒரு நாடு இருக்கிறது என்பதே, ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கிய அன்றுதான் சமிதிக்குத் தெரியும். ஆகவே பின்னால் நடந்தவற்றுக்கு முன்விரோதம் காரணமில்லை.

சமிதிக்குச் சொந்தமாக ஒரு மாளிகை உண்டு. மாளிகை என்றால் ஓடு வேய்ந்த நீளமான கூடம், அதன் பின்னால் ஒரு பாலர் வகுப்பு, அதற்கும் பின்னால் ஓர் அறை. கூடத்தில் எந்தப் பொருளும் பெயரில்லாமல் இருக்கக் கூடாது என்பது சமிதியின் விதி. குழல் விளக்கில் உபயதாரர் பெயர், அவர் தகப்பனார் பெயர், கடையின் பெயர் மூன்றையும் கறுப்பு மையில் எழுதியிருப்பார்கள். எழுதியது போக மிச்சமிருக்கும் இடத்தின் வழியாக வெளிச்சம் வரும். பெஞ்சிலும் கடிகாரத்திலும் குப்பைக் கூடையிலும் 'உபயம்' உண்டு.

படங்களுக்குத் தனி விதி. முன்பு ஒரு குரூப் போட்டோவின் அடியில், நன்கொடை கொடுத்தவரின் பெயருக்குப் பதில் அவருடைய பங்காளியின் பெயரை எழுதிவிட்டார்கள். விஷயம் கோர்ட்டு வரைக்கும் போனது. அன்று முதல், கூடத்தில் மாட்டும் எந்தப் படத்திலும் முகம் இருந்தால் அது யார் முகம் என்று விசாரித்து, அடியில் பெயர் எழுத வேண்டும். பெயர் எழுத முடியாத முகத்தைத் தொங்கவிடக் கூடாது.

இந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறவள் பேச்சாயி. தற்காலிகம். அதற்கு முன் புகையிலைக் கிடங்கில் இலையின் நடுநரம்பைக் கிழித்தெடுக்கும் வேலை பார்த்தாள். காரத்தூள் நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்தது. இனி அந்தத் தூளில் உட்காராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே உட்கார வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பாலர் வகுப்புக்கு நிரந்தர ஆயா போடப் போகிறார்கள், ஆயாவுக்குப் பின்னறையில் குடியிருக்க இடமும் உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் அவள் இங்கே வந்தாள். அந்த மாதக் கூட்டத்தில் அவளை நியமிப்பதாகப் பேச்சு. அந்த வேலை கிடைத்தால் பின்னறை, கிடைக்காவிட்டால் மறுபடி கிடங்கு. அவள் கிழித்த இலைகளின் முதலாளி நல்லுசாமி. சமிதியின் தலைவரும் அவரே.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் பெட்டி வந்துவிட்டது.

சென்னையிலிருந்து வந்த சுற்றறிக்கை விஷயத்தை விளக்கியது. பல்கேரியாவின் நவீன ஓவியர் போயன் ஸ்லத்தாரெவ் வரைந்த படங்களின் அச்சுப் பிரதிகள் ஊர் ஊராகப் போகின்றன. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாரம் வைக்க வேண்டும். முடிந்ததும் ஓவியருடைய பாணிகள் என்னென்ன, அவற்றை உருவாக்கிய தாக்கங்கள் எவை என்று சமிதி அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால் மாடி கட்ட மானியம் பரிசீலிக்கப்படும்.

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் சமிதிக்கு ஓவியத்தின் மேல் பற்று ஏற்பட்டது. மாடிப்படிக்கான உபயப் பலகைக்கு நல்லுசாமி அன்றைக்கே ஆர்டர் கொடுத்தார்.

பேச்சாயி ஆணியை நெம்பிப் பெட்டியைத் திறந்தாள். படங்களைச் சுவரில் சாய்த்துக் கண்ணாடியைத் துடைத்தாள். நாலாம் நம்பர் படத்தைத் துடைக்கும்போது உள்ளே தன் முகம் தெரிந்தது. கண்ணாடி என்றால் முகம் தெரியத்தான் செய்யும் என்று துடைத்துவிட்டுத் தள்ளி வந்தாள். தள்ளி வந்த பிறகும் முகம் அங்கேயே இருந்தது. யாரிடமும் அவள் சொல்லவில்லை.

மறுநாள் நிபுணர் குழு பார்வையிட வந்தது. தலைவர் நல்லுசாமி. செயலாளர் பொன்னுத்துரை, பத்திரம் பதியும் ஆபீசில் ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவர். உறுப்பினர் மலைச்சாமி, ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். அவரிடம் ஓய்வு என்று யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. கலையை விளக்க, பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் மிக்கேல்ராஜை அழைத்திருந்தார்கள்.

மாஸ்டர், பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தைப் பார்த்து விளக்கினார். ஓவியர் சின்ன வயதில் பாரிஸுக்குப் போனார். அங்கே இருந்த ஓவியர்களைப் பார்த்து, பொருளை விட்டுவிட்டுப் பொருளின் மேல் விழும் வெளிச்சத்தை வரைந்தார். அது ஒன்றாம் படம். பிறகு வேறு சிலரைப் பார்த்து, உருவங்களைச் சில்லுச் சில்லாக உடைத்து ஒரே நேரத்தில் எல்லாப் பக்கத்தையும் காட்டினார். அது இரண்டாம் படம். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி, கோயில்களில் பொன் பூசிய பழைய சாமிப் படங்களையும் கிராமத்துப் பெண்கள் நெய்த கம்பளங்களையும் பார்த்துத் தனக்கென்று ஒரு பாணியைக் கண்டார். அது மூன்றும் நான்கும்.

பொன்னுத்துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாஸ்டர், ஒரே ஆளு மூணு விதமாக் கையெழுத்துப் போட்டா, எங்க ஆபீசுல அதுக்கு என்ன பேரு தெரியுமா?"

"பாணி மாறியிருக்குங்க ஐயா."

"அப்படித்தான் அவனுகளும் சொல்லுவானுக."

மலைச்சாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படங்களுக்கு முன்னால் நடந்தார். "பாரிஸுக்குப் போனான். அங்க யாரோடயோ சேந்தான். அவங்க சொன்னபடி செஞ்சான். பெறகு வேற கோஷ்டியோட சேந்தான். கடைசியில ஊருக்குத் திரும்பி, சாமியக் கும்புட ஆரம்பிச்சான். மாஸ்டர், என் சர்வீஸுல நான் பிடிச்ச எல்லாப் பயலும் இதே கதையத்தான் சொன்னான்."

"அதுதாங்க ஐயா தாக்கம்."

"கூட்டாளிகள் பேரு என்ன? விலாசம் இருக்கா?"

புத்தகத்தில் விலாசம் இல்லை. மலைச்சாமி அதைக் குறித்துக்கொண்டார்.

ஒன்றாம் படம் பனி மூடிய ஆற்றங்கரை. தள்ளி நின்றால் ஆறு, கிட்டே போனால் நிறப் புள்ளிகள். ஆள் முகம் எதுவும் இல்லாததால் விதிப்படி பிரச்சினை இல்லை என்றார் பொன்னுத்துரை. மலைச்சாமி ஒப்புக்கொள்ளவில்லை. "ஆளில்லாத எடத்தை ஒருத்தன் மெனக்கெட்டு வரைஞ்சிருக்கான்னா, அங்க என்னத்தையோ பொதைச்சிருக்கான். அதான் பனியப் போட்டு மூடியிருக்கான்."

இரண்டாம் படத்தில் மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகத்தின் ஒரு பாதி எதிரே நிற்பவரைப் பார்த்துச் சிரித்தது. மறு பாதி பக்கவாட்டில் வேறு யாரையோ பார்த்தது. ஒரு கை மேசைக்கு மேலே காகிதத்தில் இருந்தது, இன்னொரு கை மேசைக்குக் கீழே போயிருந்தது. இது யாருடைய முகம் என்று கண்டுபிடித்துப் பெயர் எழுத வேண்டும். எல்லோரும் பொன்னுத்துரையைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்குறீங்க? மேசைக்குக் கீழ கை போனா உடனே தப்பா? டிராயர் கீழதான் இருக்கும். நானும் முப்பது வருசம் கைய அங்கதான் வச்சிருந்தேன். வர்றவங்க அவங்களாப் பாத்துப் போடுறதுதானே, நாம கேட்டோமா?"

யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. தன் தோள்துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டார். தூசி படியாமலிருக்க என்றார். கண்காட்சி முடியும் வரை இரண்டாம் படம் துண்டுக்குள்ளேயே இருந்தது.

மூன்றாம் படம் பொன் நிறப் பின்னணியில் ஒரு தாயும் பிள்ளையும். "மாதா," என்றார் மிக்கேல்ராஜ். மாதாவுக்குப் பெயர் எழுத யாருடைய சம்மதமும் தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பொன் அசலா என்று மட்டும் பொன்னுத்துரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கண்ணாடியில்தான் நகம் பட்டது.

நாலாம் படத்தின் முன்னால் நல்லுசாமி நின்றார். நின்றவர் நகரவில்லை.

தாழ்ந்த கூரை. அதன் கீழே தோளோடு தோள் இடித்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்து புகையிலையைச் சரமாகக் கோத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் சாமிப் படத்தில் உள்ளது போலப் பெரிய கண்கள். உடம்புகள் கம்பளத்தின் கட்டங்கள் போல நெருங்கி இருக்கின்றன. இலைக் குவியலில் ஒரு குழந்தை தூங்குகிறது. சுவரில் ஒரு ஜன்னல். அது கன்னங்கரேல் என்று இருந்தது. மூலையில் பழுப்பாக ஒரு திட்டு. நடுவில் ஒருத்தி மட்டும் வேலையை விட்டு நேரே நம்மைப் பார்க்கிறாள். அவளுடைய இடது புருவம் வலது புருவத்தைவிட மேலே ஏறியிருந்தது.

பேச்சாயிக்கும் அப்படித்தான். சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு.

"மாஸ்டர், இது என்ன எடம்?" என்றார் நல்லுசாமி.

மிக்கேல்ராஜ் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, மதுரையில் ஒரு பயிற்சி முகாமில் கற்றுக்கொண்டதும் இதுவரை தனக்கு எந்தக் கெடுதலும் செய்யாததுமான ஒரு வாக்கியத்தைச் சொன்னார்: "நவீன ஓவியத்துல எதுவும் எதுவாகவும் இருக்கலாங்க ஐயா."

"ஏலே, அந்தச் சன்னலை நான் அடைச்சது இவனுக்கு எப்படித் தெரியும்?"

அப்போது பேச்சாயி பெருக்குமாறோடு அந்தப் பக்கம் வந்தாள். மலைச்சாமி அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். "செத்த நில்லு," என்றார்.

விசாரணை அன்று மாலையே தொடங்கியது. பேச்சாயி நிற்க, குழு உட்கார்ந்தது.

"பல்கேரியாவுக்கு எப்பப் போன?" என்றார் மலைச்சாமி.

"அது எங்கிட்டு இருக்குங்க அய்யா?"

"கேள்விக்குப் பதில் சொல்லு."

"வத்தலக்குண்டுக்கு அங்கிட்டு நான் போனதில்லைங்க. அதுவும் எங்க சின்னம்மா செத்ததுக்குப் போனது."

"இந்த ஓவியர் உன்னைப் பாக்க வந்தாரா?"

"கிடங்குக்கு யாவாரிகதான் வருவாக. அவுக இலையத்தான் பாப்பாக."

பொன்னுத்துரை புத்தகத்தைப் புரட்டினார். "படம் வரைஞ்சது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொம்பதுன்னு போட்டிருக்கே. நீ அப்பப் பொறந்துட்டியா?"

"வெள்ளைக்காரன் ரெண்டாவது சண்டைக்கு ஆளெடுத்தப்ப நான் தொட்டில்லங்கிறாக."

"அப்ப இவ பொறக்கிறதுக்கு முன்னாடியே வரைஞ்சிருக்கான்," என்று பொன்னுத்துரை புத்தகத்தை மூடினார். அவருக்கு நிம்மதியாக இருந்தது.

மலைச்சாமிக்கு இல்லை. "அதுதான்யா சந்தேகம். சாதாரண ஆளா இருந்தா, பாத்துட்டு வரைவான். பாக்காமலே, ஆளு பொறக்கிறதுக்கு முன்னாடியே வரைஞ்சிருக்கான்னா, எம்புட்டு முன்யோசனை! இது இன்னைக்கு நேத்துப் போட்ட திட்டம் இல்ல."

நல்லுசாமி எழுந்தார். தலைவர் எழுந்தால் அது சொற்பொழிவு என்று சமிதியில் அர்த்தம். மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இது என் கிடங்குன்னு யாராச்சும் நெனைச்சா, அது பெரிய தப்பு. நான் நிரூபிக்கிறேன். இந்தப் படத்துல இம்புட்டு எடத்துல எத்தனை பொம்பளைகள உக்கார வச்சிருக்கான் பாருங்க. நானா இருந்தா இன்னும் ரெண்டு பேரைத் திணிச்சிருப்பேன். இந்தக் கொழந்தை தூங்குது. என் கிடங்குல கொழந்தை தூங்கினதா ஒரு ஆபீசராச்சும் எழுதியிருக்காரா? அவுக வாரதுக்கு முன்னாடியே கொழந்தைகளப் பின்வாசல் வழியா அனுப்பிடுவோம். பெறகு இந்தச் சன்னல். சன்னலத் தெறந்து வச்சா ரோட்டப் பாத்துக்கிட்டே இருக்காளுகன்னு தான் அடைச்சேன். கறுப்பா இல்ல, வெறும் செங்கல்தான் வச்சேன். ஆகவே, என் கிடங்குக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

கைதட்டினார்கள். பேச்சாயிக்கு மட்டும், சம்பந்தம் இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, தான் அந்தக் கூரைக்குள் மறுபடியும் போய் உட்கார்ந்துவிட்டது போல இருமல் வந்தது.

"இந்தப் படத்துல இருக்கிறது நீ இல்லன்னு நிரூபிக்கிற வரைக்கும் ஆயா நியமனத்தை ஒத்தி வைக்கிறோம்," என்றார் பொன்னுத்துரை. "பல்கேரியாவுல முன்னாடியே ஒரு வேலை பாக்கிறவளுக்கு இங்க இன்னொரு வேலை குடுக்க விதியில எடமில்ல."

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, பேச்சாயி தினமும் படத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஸ்டூலிலும் உபயம் உண்டு. அதுவரை கண்காட்சிக்கு ஆளே வரவில்லை. இப்போது பழைய கோட்டை ரோட்டிலிருந்தும் பேகம்பூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், பேச்சாயியைப் பார்த்தார்கள். சிலர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஒருவர், "படத்துல கொஞ்சம் சதை போட்டிருக்கு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்குப் பெண்கள் வந்தார்கள். முன்னால் செபாஸ்தியம்மாள், அவளுக்குப் பின்னால் சோலையம்மாள், பின்னால் மற்றவர்கள். கூடத்துக்குள் செருப்போடு வரலாமா என்று வாசலில் தயங்கிவிட்டு, செருப்பு இல்லை என்பது ஞாபகம் வந்து உள்ளே வந்தார்கள்.

"யாத்தே, பேச்சாயி, நெசமாவே நீதாண்டி!" என்றாள் செபாஸ்தியம்மாள். "மொறைக்கிறது கூட அப்படியே இருக்கு."

"எம்மேல பழியப் போடாதீக மதினி. இந்த மொகத்தால எம்பொழப்புப் போகுது."

"இந்தா பாரு, இது சோலையம்மாக்கா. கோக்கிறப்பக் கூட ஒதட்டைக் கடிச்சிக்கிட்டு இருக்கா."

சோலையம்மாள் படத்துக்குள் தன்னைத் தேடிப் பார்த்துத் திருப்திப்பட்டாள். பிறகு முகம் சுளித்தாள். "ஏண்டி, இதுல காலை நீட்டி உக்காந்திருக்கேன். நம்ம கிடங்குல நான் காலை நீட்டி எந்தக் காலம்? அந்த ஊரு மொதலாளி கொஞ்சம் நல்லவனா இருப்பான் போல."

பெண்கள் சிரித்தார்கள். கூடத்தில் அதுவரை யாரும் அப்படிச் சிரித்ததில்லை என்பதால் பொன்னுத்துரை உள்ளேயிருந்து ஓடி வந்தார். அதற்குள், நல்லுசாமியின் கிடங்கைப் பல்கேரியாவில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்ற பேச்சு கடைத்தெருவுக்குப் போய்விட்டது. தொழிலாளர் நலம் பார்க்கும் அதிகாரி ஒருவர் வேடசந்தூர் மில்லுக்கு வந்திருப்பதாகவும், திரும்பும் வழியில் படம் பார்க்க ஆசைப்படுவதாகவும் யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

அவசரக் கூட்டம் நடந்தது. மலைச்சாமி ஸ்தல விசாரணை நடத்த வேண்டும் என்றார். "படத்தைக் கிடங்குக்குத் தூக்கிட்டுப் போவோம். பக்கத்துல வச்சுப் பாப்போம். ஒத்துப் போகலைன்னா, அது வேற கிடங்கு, இவ வேற ஆளு. வழக்கு முடிஞ்சது."

நல்லுசாமி யோசித்தார். செவ்வாய்க்கிழமை வரை அவகாசம் கேட்டார்.

அன்று பிற்பகலே கொத்தனார் வந்து ஜன்னலின் செங்கலை இடித்தார். பக்கத்துத் தகரக் கொட்டகையில் கிடந்த பழைய சாக்குகளை வெளியே வீசிவிட்டு, பெண்களில் பாதிப்பேரை அங்கே உட்கார வைத்தார்கள். குழந்தைகளுக்கு உத்தரத்தில் தொட்டில் கட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை படம் குதிரை வண்டியில் புறப்பட்டது. பேச்சாயி அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு முகமும் ஒரே பக்கம் பார்த்தபடி பஜார் வழியாகப் போயின. குழு பின்னால் இன்னொரு வண்டியில் வந்தது.

கிடங்கில் படத்தை ஒரு புகையிலைச் சிப்பத்தின் மேல் நிறுத்தினார்கள். பொன்னுத்துரை உரக்கப் படிக்க, மலைச்சாமி சரிபார்த்தார்.

"படத்தில் ஜன்னல், கறுப்பு."

"இங்க வெளிச்சம். ஒத்துப் போகலை."

"படத்தில் பெண்கள் தோளோடு தோள்."

"இங்க ஊடால நான் நடந்து போறேன். ஒத்துப் போகலை."

"படத்தில் குழந்தை இலைக் குவியலில்."

"இங்க தொட்டில்ல. ஒத்துப் போகலை."

நல்லுசாமி வெற்றியோடு நின்றார். ஜன்னல் வழியாக வந்த காற்று அவருடைய வேட்டியை அசைத்தது. பெண்கள் தலை குனிந்து நரம்பு கிழித்துக்கொண்டிருந்தார்கள்; செபாஸ்தியம்மாளின் தோள் மட்டும் குலுங்கியது.

மலைச்சாமி பேச்சாயியை அழைத்தார். "சத்தியமாச் சொல்லு. நீ வேலை பாத்த கிடங்கு இதுதானா?"

பேச்சாயி சுற்றிலும் பார்த்தாள். அவளுக்கு ஆயா வேலை வேண்டும். பொய் சொன்னால் கண்டுபிடித்து விடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது. ஆகவே உண்மையையே சொன்னாள்.

"இது இல்லைங்க. நான் வேலை பாத்தது இந்தப் படத்துல இருக்குதே, அந்தக் கிடங்கு."

பொன்னுத்துரை முதல் இரண்டு சொற்களை மட்டும் எழுதிக்கொண்டார்.

அந்த வார இறுதியில் கூட்டம். பேச்சாயி குளித்து, வெளுத்த சேலை உடுத்தி வந்து நின்றாள். பின்னறையின் பூட்டை முதல் நாளே எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருந்தாள். பொன்னுத்துரை முடிவைப் படித்தார்.

"நாலாம் நம்பர் படத்தில் உள்ள பெண் பேச்சாயி அல்ல என்று தீர விசாரித்து அறியப்பட்டது. பேச்சாயி மீது எந்தக் குற்றமும் இல்லை. இதனால், பேச்சாயி மீது ஒரு விசாரணை நடந்துள்ளது என்பதும் தெரிய வருகிறது. விசாரணைக்கு ஆளானவர்களை நிரந்தரப் பணியில் சேர்க்கச் சமிதியின் விதி அனுமதிக்கவில்லை."

"குத்தமில்லைன்னு நீங்கதானேங்க சொன்னீக?"

"குத்தம் இல்லாதவளை எதுக்கும்மா விசாரிக்கப் போறோம்?" என்றார் மலைச்சாமி அன்போடு.

நல்லுசாமி தொண்டையைச் செருமினார். "சமிதிக்கு மனிதாபிமானம் உண்டு. நம்ம கிடங்குலயே ஒரு எடம் இருக்கு. வந்து உக்காந்துக்கோ."

அவள் மறுநாள் கிடங்குக்குப் போனாள். செபாஸ்தியம்மாள் நகர்ந்து, ஜன்னலுக்கு அடியில் இருந்த தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தாள். கையெட்டும் தூரத்தில் ரோடு தெரிந்தது. இருமல் வந்தபோது முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள்.

சமிதியின் அறிக்கை சென்னைக்குப் போயிற்று. அதன் முக்கியப் பகுதி இது: "இவர் ஆரம்ப காலத்தில் எதையும் தெளிவாகச் சொல்லாமல் பனியால் மறைத்துள்ளார். இடைக் காலத்தில் அரசாங்க ஊழியர்களை அவதூறு செய்யும் நோக்கத்தோடு முகங்களை உடைத்துள்ளார். பிற்காலத்தில் பக்தி என்ற போர்வையில் கிடங்குகளுக்குள் எட்டிப் பார்த்துள்ளார். இவர் மீதுள்ள தாக்கம் யாருடையது என்று விசாரணை தொடர்கிறது."

சென்னையிலிருந்து பதில் உடனே வந்தது. வேறு எந்த ஊரும் ஓவியங்களை இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை. வேறு எந்த ஊரிலும் பாட்டாளி மக்கள் கூட்டம் கூட்டமாக வரவில்லை. இதைப் பாராட்டும் வகையில் நாலாம் நம்பர் படம் சமிதிக்கே நிரந்தரமாக அன்பளிப்பாகத் தரப்படுகிறது. மாடி பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆக, நிரந்தரமானது படம்தான். அதைத் திருப்பி அனுப்பினால் சென்னைக்குச் சந்தேகம் வரும், கழற்றி வைத்தால் ஊருக்குச் சந்தேகம் வரும் என்று மாட்டியே வைத்தார்கள். விதிப்படி அடியில் பெயர் வேண்டுமே? பொன்னுத்துரை யோசித்து எழுதினார்: 'இதில் உள்ளவர்கள் யாரும் நமதூரைச் சேர்ந்தவர்கள் அல்லர். இந்தக் கிடங்கு திரு. நல்லுசாமி அவர்களுடையது அன்று.' அதைப் படித்த பிறகுதான் வெளியூர்க்காரர்களுக்கும் அது யாருடைய கிடங்கு என்று தெரிந்தது.

ஒரு மாதம் கழித்துக் கொத்தனார் மறுபடியும் கிடங்குக்கு வந்தார். கூடையில் செங்கல் இருந்தது. பெண்கள் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். கொத்தனார் முதல் கல்லை வைத்தபோது பேச்சாயி எழுந்து நல்லுசாமியிடம் போனாள்.

"மொதலாளி, நேத்துப் படத்தைப் பாத்துட்டு வந்தேனுங்க."

"எதுக்கு?"

"சும்மாத்தான். அதுல சன்னல் கறுப்பா இருக்குதுங்க. இதையும் அடைச்சிட்டா ரெண்டும் ஒண்ணு போல ஆயிருமேன்னு எனக்கு ஒரே விசாரமா இருக்கு. பெறகு மறுபடியும் என்னைய ஸ்டூல்ல உக்கார வப்பீக."

நல்லுசாமி அவளுடைய ஏறிய புருவத்தைப் பார்த்தார். அது எப்போதும் அப்படித்தான் இருக்கும், அதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கொத்தனாரைத் திருப்பி அனுப்பினார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் முறை போட்டுக்கொண்டு படம் பார்க்கப் போனார்கள். திங்கட்கிழமை காலையில் யாராவது ஒருத்தி கவலையோடு முதலாளியிடம் வருவாள். படத்தில் கூரையில் ஓட்டை இருக்கிறது, நம்ம கூரையிலும் இருக்கிறதே என்றாள் சோலையம்மாள். ஓடு மாற்றினார்கள். படத்தில் யாரும் மத்தியானத்தில் எழுந்து சாப்பிடுகிற மாதிரி தெரியவில்லை என்றாள் செபாஸ்தியம்மாள். சாப்பாட்டு மணி அடிக்கத் தொடங்கினார்கள். தன் கிடங்கு படத்தைப் போல ஆகிவிடக் கூடாது என்பதில் நல்லுசாமி கண்ணும் கருத்துமாக இருந்தார்.

கடைசியில் படத்தில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சாயி தனியாகப் போய் வெகு நேரம் நின்றாள். நடுவில் இருந்த பெண் அவளைப் பார்த்தாள். பேச்சாயி மூலையில் இருந்த பழுப்புத் திட்டைப் பார்த்தாள்.

"மூலையில ஒரு தண்ணிப் பானை இருக்குதுங்க மொதலாளி," என்றாள் மறுநாள். "காலிப் பானை. நமக்கும் கிடங்குல தண்ணி கெடையாதுல்லங்க."

நல்லுசாமி இந்த முறை நம்பவில்லை. நேரே மாளிகைக்குப் போனார். மிக்கேல்ராஜை வரவழைத்தார். இருவரும் படத்தின் மூலையில் குனிந்து பார்த்தார்கள்.

"மாஸ்டர், உண்மையைச் சொல்லும். இது பானையா?"

மிக்கேல்ராஜ் திட்டைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். வாசலில் கிடங்குப் பெண்கள் சிலர் நிற்பதையும் பார்த்தார்.

"நவீன ஓவியத்துல," என்றார், "எதுவும் எதுவாகவும் இருக்கலாங்க ஐயா."

புதன்கிழமை கிடங்கின் மூலையில் ஒரு பெரிய பானை வந்து உட்கார்ந்தது. கழுத்து முதல் அடி வரை வெள்ளைப் பெயிண்டில், 'உபயம்: நல்லுசாமி' என்று சுற்றி எழுதியிருந்தார்கள். பேச்சாயி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் இருந்தது.